விலக்கின் விலை: அமெரிக்காவில் சமயச் சுதந்திரச் சட்டமும் பாலியல் அரசியலும்

1996-இல் அமெரிக்க நாடாளுமன்றம் 'திருமணப் பாதுகாப்புச் சட்ட'த்தை நிறைவேற்றியது. கூட்டாட்சி அரசைப் பொறுத்தவரை திருமணம் என்பது ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இணைவது மட்டுமே என்று அது வரையறுத்தது. தன்பாலுறவை ஒழுக்க அடிப்படையில் ஏற்க மறுப்பதும் சட்டத்தின் நோக்கங்களுள் ஒன்று எனப் பிரதிநிதிகள் சபைக் குழுவின் அறிக்கை வெளிப்படையாக எழுதியது. அப்படி எழுத அன்று யாரும் தயங்க வேண்டியிருக்கவில்லை. தன்பாலினத் திருமணத்தைச் சட்டம் ஏற்கலாம் என்றவர்கள் அந்த ஆண்டின் கேலப் கணிப்பில் 27 விழுக்காட்டினர்தான்.

2023-இல் அதே கணிப்பில் அவர்கள் 71 விழுக்காட்டினர். அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் '303 கிரியேட்டிவ்' வழக்கில் உச்ச நீதிமன்றம் பழமைவாதத் தரப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. கொலராடோ மாநிலத்து இணையதள வடிவமைப்பாளர் ஒருவர், தன்பாலினத் திருமணங்களுக்குத் தளம் வடிவமைக்கும்படி மாநிலச் சட்டம் தம்மைக் கட்டாயப்படுத்த முடியாது என்று வாதிட்டு 6-3 என்ற கணக்கில் வென்றார். நாட்டின் ஒழுக்கம் கெடுகிறது என்ற வாதம் அங்கே வைக்கப்படவில்லை. நான் நம்பாததைச் சொல்ல வைக்காதீர்கள் என்பதே கோரிக்கை.

பொது ஒழுக்கத்தின் காவலராகப் பேசியவர்கள் எப்போது, எதனால் தனிமனிதச் சுதந்திரத்தின் மொழிக்கு வந்தார்கள்? அந்த மொழி அவர்களுக்கு எங்கிருந்து கிடைத்தது? மாற்றத்தின் செலவை யார் ஏற்கிறார்கள்? இக்கட்டுரை 1993-ஆம் ஆண்டின் 'சமயச் சுதந்திர மீட்புச் சட்ட'த்தின் வரலாற்றை மையமாக வைத்து இக்கேள்விகளை அணுகுகிறது.

மூன்று விளக்கங்கள்

இதுவரை எழுதப்பட்டவற்றில் மூன்று போக்குகள் முக்கியமானவை. முதலாவது, சட்ட அறிஞர் டக்ளஸ் லேகாக் நெடுங்காலமாக முன்வைத்துவரும் பார்வை. தன்பாலினத் திருமண உரிமையையும் சமய விலக்குகளையும் ஒருசேர ஆதரித்தவர் அவர். தன்பாலின இணையரும் மரபான விசுவாசிகளும் அரசிடம் கேட்பது ஒன்றையே என்கிறார்: தம் வாழ்வின் ஆழமான ஒன்றை, தண்டனைக்கு அஞ்சாமல், பொதுவெளியில் வாழ்ந்துகாட்டும் உரிமை. ஆகவே சட்டம் இருவரையும் காக்க வேண்டும்.

இரண்டாவது, டக்ளஸ் நெஜைமும் ரேவா சீகலும் 2015-இல் யேல் சட்ட இதழில் எழுதிய கட்டுரையின் பார்வை. பழைய விலக்குக் கோரிக்கைகள் விசுவாசியின் சொந்த வழிபாட்டையும் உணவையும் உடையையும் பற்றியவை. புதியவை, பிறர் செய்யும் 'பாவத்துக்கு' நான் துணைபோகிறேன் என்ற உணர்விலிருந்து எழுபவை. ஆகவே அவற்றை ஏற்கும்போது அந்தப் 'பிறர்' பாதிக்கப்படுவது இயல்பாகிறது. பெரும்பான்மையை இழந்த ஓர் இயக்கம் அதே பாலியல் ஒழுங்கைச் சிறுபான்மையினரின் குரலில் தொடர்கிறது என்பது அவர்கள் முடிவு.

மூன்றாவது, வரலாற்றாளர் டிசா வெங்கர், சமயவியலாளர் வினிஃபிரட் ஃபாலர்ஸ் சல்லிவன் போன்றோருடையது. எது சமயம், எது வெறும் வழக்கம் என்று தீர்ப்பவர்கள் எப்போதும் அதிகாரத்தில் இருப்பவர்களே. எனவே சமயச் சுதந்திரம் அமெரிக்காவில் தொடக்கத்திலிருந்தே இனத்தையும் பேரரசையும் சார்ந்தே பங்கிடப்பட்டது என்கிறார்கள்.

மூன்றிலும் உண்மை உண்டு. என் வாசிப்பில் இரண்டாவது விளக்கமே கூடுதல் ஆதாரம் பெறுகிறது. ஆனால் அதை ஓர் இயக்கத்தின் தந்திரமாக மட்டும் சுருக்கினால், நீதிமன்றங்கள் மூடிய கதவொன்றும் தாராளவாதிகளே திறந்துவைத்த கதவொன்றும் கண்ணில் படாமல் போகும்.

மூடிய கதவு

1986-இல் 'பவர்ஸ் எதிர் ஹார்ட்விக்' வழக்கில், தன்பாலுறவைக் குற்றமாக்கிய ஜார்ஜியா மாநிலச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் ஏற்றது. மக்களில் பெரும்பாலோர் ஒன்றை ஒழுக்கக்கேடு எனக் கருதுவதே அதைத் தடுக்கும் சட்டத்துக்குப் போதிய காரணம் என்றது தீர்ப்பு. 2003-இல் 'லாரன்ஸ் எதிர் டெக்சஸ்' வழக்கு அதைக் கவிழ்த்தது. இந்தத் தர்க்கத்தை ஏற்றால் ஒழுக்கத்தை அடிப்படையாகக் கொண்ட எந்தச் சட்டமும் நிற்காது என்று நீதிபதி ஸ்கேலியா மாறுபட்ட தீர்ப்பில் எச்சரித்தார். அவருடைய கணிப்பு பெரிதும் பலித்தது. 2013-இல் 'வின்சர்' வழக்கில் திருமணப் பாதுகாப்புச் சட்டத்தின் மையப் பிரிவு செல்லாது என்றபோது, ஒழுக்க மறுப்பைப் பேசிய அந்த 1996-ஆம் ஆண்டு அறிக்கையையே நீதிமன்றம் சட்டத்துக்கு எதிரான சான்றாக எடுத்துக்காட்டியது.

ஒரு காலத்தில் சட்டத்தைத் தாங்கிய காரணம் இப்போது அதை வீழ்த்தும் சான்றானது. பழமைவாத வழக்கறிஞர்கள் வேறு மொழி தேடியதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை. 2009-இல் கத்தோலிக்க, இவாஞ்சலிக்கல், ஆர்த்தடாக்ஸ் தலைவர்கள் சேர்ந்து வெளியிட்ட 'மன்ஹாட்டன் பிரகடனம்' கருவின் உயிர், திருமணம், சமயச் சுதந்திரம் ஆகிய மூன்றையும் ஒரே வரிசையில் வைத்தது. முதல் இரண்டும் ஆட்சி மொழியில் தோற்றால் மூன்றாவதன் வழியே காக்கப்பட வேண்டும் என்ற புரிதல் அந்த ஆவணத்திலேயே இருக்கிறது. மனசாட்சிக்கு எதிராகச் செயல்பட எந்த அரசும் தங்களை நிர்ப்பந்திக்க முடியாது என்று அதில் கையெழுத்திட்டவர்கள் அறிவித்தார்கள்.

திறந்திருந்த கதவு

சமயச் சுதந்திரம் என்ற அந்த மூன்றாவது வழியைப் பழமைவாதிகள் உருவாக்கவில்லை. அது முன்பே அங்கே இருந்தது.

சமயச் செயலுக்குப் பொதுச்சட்டத்திலிருந்து விலக்கு உண்டா என்ற கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு முதன்முதலில் வந்ததே பாலியல் ஒழுங்கு சார்ந்த ஒரு வழக்கில்தான். 1879-இல் 'ரெனால்ட்ஸ்' வழக்கில், பலதார மணம் தம் சமயக் கடமை என்ற மார்மன் விசுவாசியின் வாதம் ஒருமனதாகத் தள்ளப்பட்டது. நம்பிக்கைக்குச் சுதந்திரம் உண்டு, செயலுக்கு இல்லை என்பது அன்றைய விதி. 1963-இல் 'ஷெர்பர்ட்' வழக்கு அந்த விதியைத் தளர்த்தியது. சனிக்கிழமை வேலைசெய்ய மறுத்ததால் வேலையிழந்த, ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்த தென் கரோலினா ஆலைத் தொழிலாளிக்கு வேலையின்மை உதவித்தொகை தரப்பட வேண்டும் என்றது நீதிமன்றம். ஒருவரின் சமய வாழ்வின் மீது பெரும் சுமையேற்றும் அரசு, அதற்கு மிக வலுவான காரணம் காட்டவேண்டும் என்பது புதிய அளவுகோல்.

1990-இல் அந்த அளவுகோல் கைவிடப்பட்டது. ஆல்ஃபிரட் ஸ்மித், கேலன் பிளாக் ஆகிய இருவரும் ஆரிகன் மாநிலத்தில் போதை மறுவாழ்வு ஆலோசகர்கள். பூர்வகுடி அமெரிக்கத் திருச்சபையின் சடங்கில் பெயோட்டே என்னும் கள்ளியை உட்கொண்டதற்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள், உதவித்தொகையும் மறுக்கப்பட்டது. நீதிபதி ஸ்கேலியா எழுதிய தீர்ப்பு, அனைவருக்கும் பொதுவான, எந்தச் சமயத்தையும் குறிவைக்காத சட்டத்திலிருந்து விலக்குக் கோர அரசமைப்பு இடந்தரவில்லை என்றது. அதற்குத் துணையாக 1879-ஆம் ஆண்டின் மார்மன் வழக்கையே எடுத்தாண்டார். சிறு சமயங்கள் இதனால் பின்தங்கக்கூடும், மக்களாட்சியில் அது தவிர்க்கமுடியாத விளைவு என்றும் ஒப்புக்கொண்டார்.

இதற்கு எழுந்த எதிர்ப்பு கட்சி எல்லைகளைத் தாண்டியது. அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கமும் தேசிய இவாஞ்சலிக்கல் சங்கமும் ஒரே கூட்டணியில் அமர்ந்தன. யூத அமைப்புகள், சீர்திருத்தச் சபைகள், முஸ்லிம்கள், சீக்கியர்கள் என 60-க்கும் மேற்பட்ட அமைப்புகள் சேர்ந்தன. பிரதிநிதிகள் சபையில் சார்ல்ஸ் ஷூமரும் செனட்டில் எட்வர்ட் கென்னடி, ஓரின் ஹாட்ச் இருவரும் முன்னின்றனர். செனட் 97-3 என்று வாக்களிக்க, 1993 நவம்பர் 16 அன்று அதிபர் கிளின்டன் சமயச் சுதந்திர மீட்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 'ஷெர்பர்ட்' அளவுகோல் சட்டமாகத் திரும்பிவந்தது.

இந்த ஒற்றுமைக்குள் தயங்கி நின்ற தரப்பொன்று உண்டு. பிந்தைய விவாதங்களில் அது அதிகம் பேசப்படுவதில்லை. கருக்கலைப்பு உரிமையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டால், கருக்கலைப்பைத் தம் சமய உரிமையாகக் கோரிப் பெண்கள் இச்சட்டத்தைப் பயன்படுத்தலாமே என்று கத்தோலிக்க ஆயர் பேரவையும் கருக்கலைப்பு எதிர்ப்பு அமைப்புகளும் அஞ்சின. 1992-இல் 'கேசி' தீர்ப்பு அந்த உரிமையின் மையத்தை நிலைநிறுத்திய பின்னரே இந்த அச்சம் தணிந்து பேரவை ஆதரவுக்கு வந்தது. சமயச் சுதந்திரம் எந்தத் திசையிலும் பாயக்கூடியது என்பதை அன்று தெளிவாகக் கண்டவர்கள் ஆயர்களே. தாராளவாதக் கூட்டாளிகள் தங்கள் தரப்பிலிருந்து அப்படிக் கேட்டுப்பார்க்கவில்லை.

வீட்டு உரிமையாளர் வழக்குகள்

1993-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டுவந்த கூட்டணி உடைந்ததற்கு, கருத்தடைக் காப்பீடு பற்றிய 2014-ஆம் ஆண்டின் 'ஹாபி லாபி' தீர்ப்பைக் காரணம் சொல்வது வழக்கம். விரிசல் அதற்கு 15 ஆண்டுகள் முன்பே விழுந்துவிட்டது. அதைத் தொடங்கிவைத்தது வாடகை வீடு.

1990-களில் அலாஸ்காவிலும் கலிஃபோர்னியாவிலும் சில வீட்டு உரிமையாளர்கள், திருமணமாகாமல் சேர்ந்து வாழும் ஆண்-பெண் இணையருக்கு வீடு தர மறுத்தார்கள். அப்படித் தந்தால் அவர்களின் பாவத்துக்குத் தாமும் உடந்தையாவோம் என்பது அவர்கள் வாதம். திருமண நிலையை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்ற சட்டத்திலிருந்து சமய விலக்குக் கேட்டார்கள். அலாஸ்கா உச்ச நீதிமன்றம் 1994-இலும் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1996-இலும் அக்கோரிக்கையை நிராகரித்தன. ஆனால் நீதிபதிகள் ஒருமனதாக இல்லை. பிற்காலத் திருமண வழக்குகளின் முழுக் கட்டமைப்பும் இவற்றில் இருக்கிறது: வணிகம் செய்யும் விசுவாசி, பாகுபாட்டுத் தடைச் சட்டம், பிறர் பாவத்துக்கு உடந்தையாதல் என்ற வாதம், திருப்பியனுப்பப்பட்ட மூன்றாம் நபர்.

1997-இல் 'பெர்னி எதிர் ஃப்ளோரஸ்' தீர்ப்பு, 1993-ஆம் ஆண்டின் சட்டம் மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது என்றது. இடைவெளியை நிரப்ப 1999-இல் புதிய மசோதா வந்தபோது, வீட்டு உரிமையாளர் வழக்குகளைப் பார்த்திருந்த குடிமை உரிமை அமைப்புகள் விழித்துக்கொண்டன. பாகுபாட்டுத் தடைச் சட்டங்களுக்கு எதிரான கேடயமாகப் பெரும் நிறுவனங்கள் இதைப் பயன்படுத்த முடியாதபடி ஒரு திருத்தத்தை நியூயார்க் உறுப்பினர் ஜெரால்ட் நாட்லர் முன்மொழிந்தார். அது தோற்றது. மசோதா பிரதிநிதிகள் சபையில் 306-118 என நிறைவேறி, செனட்டில் முடங்கியது. ஆறே ஆண்டுகளுக்கு முன் ஏறக்குறைய எதிர்ப்பே இல்லாதிருந்த கருத்துக்கு இப்போது 118 எதிர்வாக்குகள்.

இந்த இடத்தில் லேகாக்கின் விளக்கம் எனக்குப் போதவில்லை. வேலையிழந்த அட்வென்டிஸ்ட் தொழிலாளிக்கு உதவித்தொகை கொடுத்ததால் எந்தத் தனிமனிதரும் எதையும் இழக்கவில்லை. பெயோட்டே சடங்கை அனுமதித்திருந்தாலும் இழப்பில்லை. வீட்டு உரிமையாளருக்கு விலக்குத் தந்தால் ஓர் இணையர் அந்த வீட்டை இழக்கிறார்கள். இரண்டையும் ஒரே கோரிக்கையாக நோக்கினால் செலவு செய்பவர் பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறார்.

இன ஒதுக்கலின் முன்னுதாரணம்

செலவு மூன்றாம் நபர்மீது விழும் விலக்குக் கோரிக்கைகள் பாலியல் விவகாரத்தில் முதலில் தோன்றியவை அல்ல. தென் கரோலினாவின் 'பிக்கி பார்க்' உணவக உரிமையாளர், கறுப்பினத்தாருக்குச் சமமாகப் பரிமாறுவது தம் சமய நம்பிக்கைக்கு விரோதமானது என்று வாதிட்டார். 1968-இல் உச்ச நீதிமன்றம் அதைப் பொருட்படுத்தத்தக்க வாதமாகவே எண்ணவில்லை. இனக் கலப்புக் காதலைத் தடைசெய்த பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகம், வரிவிலக்கை இழந்தபோது சமயச் சுதந்திரத்தை முன்னிறுத்தி வழக்காடியது. 1983-இல் 8-1 எனத் தோற்றது. அந்தத் தடையை அது 2000-ஆம் ஆண்டில்தான் கைவிட்டது.

வரலாற்றாளர் ராண்டல் பால்மர், சமய வலதுசாரி இயக்கத்தைத் திரட்டியது கருக்கலைப்புத் தீர்ப்பைவிட இந்த வரிவிலக்குப் பிரச்சினையே என்று வாதிடுகிறார். தென்னகப் பாப்டிஸ்ட் மாநாடு 1971-இல் சில சூழல்களில் கருக்கலைப்பை அனுமதிக்கும் தீர்மானம் நிறைவேற்றியது அவருக்கு வலுவான சான்று. இருப்பினும் அடித்தள விசுவாசிகளைத் தூண்டிய பாலியல் அச்சங்களை இந்த விளக்கம் குறைத்து மதிப்பிடுகிறது. 1977-இல் ஃபுளோரிடாவின் டேட் கவுண்டியில் தன்பாலின ஈர்ப்பாளர் பாதுகாப்புச் சட்டத்துக்கு எதிராகப் பாடகி அனிட்டா பிரையன்ட் நடத்திய இயக்கத்துக்குக் கிடைத்த ஆதரவை வரிவிலக்கால் விளக்கிவிட முடியாது. இனமும் பாலியலும் இங்கே பின்னிக் கிடக்கின்றன. பாப் ஜோன்ஸ் தடையே இரண்டையும் ஒருசேரத் தொட்டது. யார் யாரைக் காதலிக்கலாம் என்பதல்லவா அதன் பொருள்.

தன்பாலின இணையருக்குச் சேவை மறுப்பதை இன ஒதுக்கலோடு ஒப்பிடலாகாது என்பது பழமைவாதத் தரப்பின் பதில். திருமணம் பற்றிய மரபுப் பார்வை பல சமயங்களிலும் நெடிது வாழ்ந்தது, இனவெறி அவ்வாறன்று என்பது அதன் சாரம். 2015-இல் தன்பாலினத் திருமணத்தை நாடெங்கும் சட்டமாக்கிய 'ஓபர்கஃபெல்' தீர்ப்பை எழுதிய நீதிபதி கென்னடியே, மாற்றுக் கருத்துடையோரில் பலர் மதிக்கத்தக்க சமய, தத்துவ அடிப்படைகளிலிருந்து பேசுகிறார்கள் என்று ஒப்புக்கொண்டார். நம்பிக்கையின் நேர்மையை நானும் ஐயுறவில்லை. பிக்கி பார்க் உரிமையாளரின் நம்பிக்கையும் நேர்மையானதாகவே இருந்திருக்கலாம். திருப்பியனுப்பப்பட்டவரின் இழப்பை அந்த நேர்மை குறைக்காது.

ஹாபி லாபியும் பிறகும்

2010-ஆம் ஆண்டின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் கீழ், ஊழியர் காப்பீட்டில் 20 வகைக் கருத்தடை முறைகள் அடங்க வேண்டும் என்று அரசு விதித்தது. ஓக்லஹோமா சிட்டியைத் தலைமையிடமாகக் கொண்ட 'ஹாபி லாபி' கைவினைப் பொருள் அங்காடிகளின் உரிமையாளர் குடும்பம் அவற்றில் நான்கை எதிர்த்தது. அவை கருவுற்ற முட்டையை அழிக்கலாம் என்பது அவர்கள் நம்பிக்கை. நிறுவனத்தில் ஊழியர்கள் 13,000-க்கு மேல். 2014-இல் உச்ச நீதிமன்றம் 5-4 எனத் தீர்ப்பளித்து, ஒரு குடும்பத்தின் கையிலுள்ள வணிக நிறுவனமும் 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விலக்குக் கோரலாம் என்றது.

நீதிபதி அலீட்டோவின் தீர்ப்பு பெண்களைக் கைவிடவில்லை என்று வாதிட இடமுண்டு. லாபநோக்கற்ற சமய நிறுவனங்களுக்கு ஏற்கெனவே ஒரு மாற்று ஏற்பாடு இருந்தது. நிறுவனம் தன் ஆட்சேபத்தை அறிவித்தால் காப்பீட்டாளரே நேரடியாகக் கருத்தடைச் செலவை ஏற்பார். அந்த ஏற்பாட்டை ஹாபி லாபிக்கும் நீட்டலாம், எவருக்கும் இழப்பில்லை என்றது தீர்ப்பு. அத்தோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரையின் வாதம் பலவீனப்பட்டிருக்கும். ஆனால் அந்த மாற்று ஏற்பாட்டையே எதிர்த்து சமய நிறுவனங்கள் வழக்காடின. டிரம்ப் அரசு விலக்குகளைப் பெரிதும் விரித்தது. 2020-இல் உச்ச நீதிமன்றம் அதை 7-2 என ஏற்றது. 70,500 முதல் 1,26,400 பெண்கள் வரை கட்டணமற்ற கருத்தடை வசதியை இழக்கலாம் என்ற அரசின் சொந்த மதிப்பீட்டை நீதிபதி கின்ஸ்பர்க் மாறுபட்ட தீர்ப்பில் பதிவுசெய்தார்.

அடுத்தடுத்த வழக்குகள் வேகமாக வந்தன. 2018-இல் 'மாஸ்டர்பீஸ்' அடுமனை வழக்கு மாநில ஆணையத்தின் சமய விரோதப் போக்கைக் காரணம்காட்டி முடிந்தது. 2021-இல் ஃபிலடெல்ஃபியாவின் கத்தோலிக்க வளர்ப்புக் குழந்தைச் சேவை அமைப்பு ஒருமனதாக வென்றது. 2023-இல் '303 கிரியேட்டிவ்' வழக்கைத் தீர்த்தது சமயச் சுதந்திரம்கூட அல்ல, பேச்சுரிமை. விலக்கு, ஒரு சமயத்தாருக்கான சலுகை என்ற நிலையிலிருந்து விலகி எல்லாருக்குமான உரிமை என்ற பெயரைப் பெற்றது.

யாருக்குக் கிடைத்தது

சமயச் சுதந்திரச் சட்டங்கள் கிறிஸ்தவப் பழமைவாதிகளுக்கு மட்டுமே பயன்பட்டன என்பது தவறு. 2006-இல் ஹோஸ்கா என்னும் சடங்குத் தேநீரைப் பருகும் சிறு சபை வென்றது. 2015-இல் அரை அங்குலத் தாடி வளர்க்க விரும்பிய ஆர்கன்சாஸ் முஸ்லிம் சிறைவாசி, 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின் உடன்பிறப்பான 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒருமனதாக வென்றார். விமானப் பயணத் தடைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட முஸ்லிம்கள் 2020-இல் அதிகாரிகள்மீது இழப்பீடு கோரும் உரிமையைப் பெற்றார்கள். இவ்வெற்றிகளில் எதுவும் மூன்றாம் நபரின் செலவில் வந்ததில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இவற்றுக்கு நேர்மாறானது அரிசோனாவின் ஓக் ஃப்ளாட். அப்பாச்சி மக்களின் புனித நிலமான அதன் அடியில் பெரும் செம்புப் படிவம் இருக்கிறது. சுரங்கம் வந்தால் சடங்கு நிலம் குழியாகிவிடும். தங்கள் வழிபாட்டை இதைவிட முழுமையாக எப்படித் தடுக்க முடியும் என்று 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அவர்கள் கேட்டார்கள். 2024-இல் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 6-5 என மறுத்தது. 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் மனுவை ஏற்கவில்லை. நீதிபதிகள் கோர்சச், தாமஸ் இருவர் மட்டும் எதிர்த்தனர். பூர்வகுடிச் சடங்கொன்றின் தோல்வியால் பிறந்த சட்டம், கருத்தடைக் காப்பீட்டைச் 'சமயத்தின் மீதான பெருஞ்சுமை' என ஏற்று, புனித நிலத்தின் அழிவை அவ்வாறு ஏற்க மறுத்துவிட்டது. வெங்கரும் சல்லிவனும் சொல்லும் பங்கீட்டு வரலாற்றுக்கு இது மறுக்கமுடியாத சான்று. தனிப்பட்ட மனசாட்சியாக விவரிக்கத்தக்க சமயத்தைச் சட்டம் எளிதில் அடையாளம் காண்கிறது. நிலத்தோடு பிணைந்த சமயத்தை அவ்வாறு காண்பதில்லை.

மறுபக்கத்தின் சமயம்

சமயம் ஒருபுறம், பாலியல் உரிமை மறுபுறம் என்ற காட்சியே பொய்யானது. டிராய் பெரி 1968-இல் லாஸ் ஏஞ்சலஸில் தன்பாலின ஈர்ப்பாளருக்காகப் பெருநகரச் சமூகச் சபையைத் தொடங்கினார். அது தன்பாலின ஈர்ப்பாளரின் ஸ்டோன்வால் எழுச்சிக்கு முந்தைய ஆண்டு. ஐக்கிய கிறிஸ்து சபை 2014-இல் வட கரோலினாவின் திருமணச் சட்டங்களைச் சமயச் சுதந்திரத்தின் பெயரிலேயே எதிர்த்து வழக்குத் தொடுத்தது. உரிமம் பெற முடியாத தன்பாலின இணையருக்குத் திருமணச் சடங்கு நடத்தும் போதகரை அம்மாநிலச் சட்டம் குற்றவாளியாக்கியது என்பது அவர்கள் முறையீட்டின் ஒரு பகுதி. அதே ஆண்டு அக்டோபரில் அவ்வழக்கிலேயே மாநிலத்தின் தடை வீழ்ந்தது.

ஒத்துப்போக முயன்றவர்களும் உண்டு. யூட்டா மாநிலம் 2015-இல் மார்மன் சபையின் ஆதரவுடன், வேலைவாய்ப்பிலும் வீட்டு வசதியிலும் பாலியல் சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பையும் சமய நிறுவனங்களுக்கு விலக்கையும் ஒரே சட்டத்தில் எழுதியது. 2022 டிசம்பரின் 'திருமண மதிப்புச் சட்ட'மும் அதே வழியில் செனட்டில் 61-36 என நிறைவேறியது. வணிக நிறுவனங்களின் விலக்கு என்ற கடினமான கேள்வியை இரண்டுமே தொடவில்லை.

ஆயர்கள் 1990-களில் அஞ்சியது 2022-க்குப் பின் நடந்தது. அந்த ஆண்டு ஜூனில் 'டாப்ஸ்' தீர்ப்பு கருக்கலைப்பு உரிமையை நீக்க, இண்டியானா மாநிலம் தடைச்சட்டம் கொண்டுவந்தது. ஆளுநராயிருந்த மைக் பென்ஸ் 2015-இல் கையெழுத்திட்ட சமயச் சுதந்திர மீட்புச் சட்டம் அங்கே நடைமுறையில் இருந்தது. தன்பாலின இணையருக்கு எதிரானது என்று அன்று நாடெங்கும் கண்டிக்கப்பட்டு, ஒரு வாரத்துக்குள் திருத்தப்பட்ட சட்டம் அது. யூதப் பெண்களும் ஒரு முஸ்லிம் பெண்ணும் ஒரு யூத அமைப்பும் அதைக்கொண்டே வழக்குத் தொடுத்தார்கள். பிறவாக் கருவின் உயிரைவிடத் தாயின் உயிருக்கும் நலனுக்கும் முதலிடம் தரும்படி தங்கள் சமயம் கற்பிக்கிறது என்பது யூதத் தரப்பின் வாதம். 2024 ஏப்ரலில் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமான இடைக்காலத் தடையை உறுதிசெய்தது. வன்புணர்வு போன்ற சூழல்களுக்கு மாநிலமே விதிவிலக்குகள் வைத்திருப்பதால், சமயத்துக்கு மட்டும் மறுப்பதற்கான காரணம் வலுவற்றது என்பது தீர்ப்பின் முக்கியத் தர்க்கம்.

இவ்வழக்கில் மாநில அரசின் வாதமும் கவனிக்கத்தக்கது. இந்த விலக்கின் செலவை ஏற்பது கரு என்னும் மூன்றாம் நபர் என்பதே அதன் உட்பொருள். ஹாபி லாபியின் பெண் ஊழியர்களுக்காகவும் வீடு மறுக்கப்பட்ட இணையருக்காகவும் முன்வைக்கப்பட்ட அதே அளவுகோல் இங்கே எதிர்த்தரப்பின் கையில் இருக்கிறது. இக்கட்டுரை சாய்ந்து நிற்கும் அளவுகோலும் அதுவே என்பதால், அதன் எல்லையை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. வாடகைக்கு வந்த இணையர் மூன்றாம் நபர் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. கரு அத்தகைய நபரா என்பதில் யூத மரபுக்கும் கத்தோலிக்கப் போதனைக்கும் இடையே உடன்பாடு இல்லை. செலவை ஏற்பவர் யார் என்று கேட்கும் நீதிமன்றம் முதலில் யாரை நபராக எண்ணுவது என்று முடிவுசெய்தாக வேண்டும். அம்முடிவை இண்டியானா சட்டமன்றம் தன் தடைச்சட்டத்திலேயே எடுத்துவிட்டது. நீதிமன்றத்துக்கு வந்த பெண்கள் மறுத்தது அதைத்தான்.